எட்டில் நின்ற எண்ணிக்கை

பெரியவளே, சின்னவனே, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். உங்கள் அம்மாவுக்குப் பாதிக் கதை தெரியும். மீதியை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

போன மாதம் ஜோலார்பேட்டைக்காரன் செத்துப்போனான் என்று செய்தி வந்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாலை வாங்கிக்கொண்டு அவன் சாவுக்குப் போய்விட்டு வந்தேன். அன்றிலிருந்து நம் தெருவில் என்னைப் பற்றி ஒரே புகழ்ச்சி. "பாக்ஸிங் மேடையில ஒருத்தன ஒருத்தன் கொல்ற மாதிரி அடிச்சிக்கிட்டவங்க. ஆனா சாவுன்னதும் போய் மண்ணு போட்டுட்டு வந்தாரு பாரு, அது மனுசன்" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். சின்னவன் அதைக் கேட்டுவிட்டு வந்து, "அப்பா, நீ அவர மன்னிச்சிட்டியா?" என்று கேட்டான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. அதைக் கெடுக்க மனமில்லாமல் நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

நான் மன்னிக்கப் போகவில்லை. எதற்குப் போனேன் என்று ஊருக்குத் தெரிய வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆம்பூரில் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் எனக்கு வேலை. முடி கழல்வதற்காக எருமைத் தோல்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார்கள். ஊறின தோலை நீளமான இடுக்கியால் இழுத்து மேலே போட வேண்டும். தண்ணீர் குடித்த தோல் செத்த எருமையை விடக் கனம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். இரண்டு பேர் சேர்ந்து இழுக்கிற தோலை நான் ஒருவனாக இழுப்பேன். என் தோளும் முதுகும் அங்கே வளர்ந்தவைதான். எந்த வாத்தியாரும் வளர்த்ததில்லை.

அந்தக் குழியில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கையை முகத்துக்குக் கொண்டுபோனால் மற்ற எல்லோரும் இழுப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இன்னொரு தோல் சரிந்து தண்ணீர் அடித்தால் கண்ணே போய்விடும். அதனால் எவன் கை முகத்துக்குப் போனாலும் எங்கள் கை தானாகக் கீழே இறங்கிவிடும். யோசிக்கவே மாட்டோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவள் பிறந்த வருடம் ஆம்பூரில் பொருட்காட்சி போட்டார்கள். அதில் ஒரு பாக்ஸிங் டென்ட். டென்ட்காரர் வைத்திருக்கிற ஆளோடு ஒரு ரவுண்டு நின்று காட்டினால் எவர்சில்வர் குடம் பரிசு. எங்கள் டேனரியில் டிரம் ஓட்டுகிற பாய் ஒருவர் இருந்தார். தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம் அவர் பொறுப்பு. எனக்குப் பத்து வயது மூத்தவர், ஆனால் தோஸ்த். அவர்தான் என் முதுகில் கை வைத்து மேடை மேல் தள்ளிவிட்டார்.

"ஒரு ரவுண்டு நின்னா போதும்டா. அடி வாங்கிக்கினு சும்மா நில்லு. குடம் நமக்கு."

நான் நிற்கத்தான் போனேன். அந்த ஆள் என் வயிற்றில் இரண்டு குத்து விட்டான். மூன்றாவதற்கு நான் ஒன்று விட்டேன். அவன் எழுந்து உட்காரத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இன்றைக்கும் உங்கள் அம்மா தண்ணீர் பிடிக்கிற குடம் அதுதான்.

டென்ட் காண்ட்ராக்டர் மறுநாள் டேனரிக்கே வந்துவிட்டார்.

"இன்னா எட இருப்ப நீ?"

"தெரியாதுங்க."

தோல் எடை போடுகிற தராசில் என்னை ஏற்றினார்கள். தொண்ணூற்றாறு கிலோ. அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "ஹெவிவெயிட்டு" என்றார். அந்த வார்த்தையை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். கூட நின்ற ஒருத்தன், "உப்பு போட்டதா, போடாததா?" என்று கேட்டான். பச்சைத் தோலை எடை போடும்போது கேட்கிற கேள்வி அது. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அதன்பிறகு வார நாளில் குழி, சனி ஞாயிறில் மேடை. வாணியம்பாடி, குடியாத்தம், ஆற்காடு, கிருஷ்ணகிரி, ஒருமுறை பெங்களூர் வரைக்கும். ஜட்கா வண்டியில் மைக் கட்டி ஊர் சுற்றிக் கூவுவார்கள். டேனரிக்குப் பின்னால் ஒரு புளியமரத்தில், கிழிந்த தோலைத் தைத்து உள்ளே தோல் சீவின தூளை அடைத்து ஒரு மூட்டை தொங்கவிட்டிருந்தோம். வேலை முடிந்ததும் அதைக் குத்துவேன். பாய் பக்கத்தில் நின்று, "இடது கை தூங்குது, எழுப்பு" என்பார். பாக்ஸிங் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் என் மூலையில் டவலும் தண்ணீரும் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் அவர்தான் உட்கார்ந்தார்.

சின்ன எடைக்காரர்கள் ஊருக்கு ஊர் கிடைப்பார்கள். என் எடையில் பெங்களூர் வரைக்கும் பார்த்தாலும் நாலைந்து பேர்தான். அதனால் ஒரே முகத்தை மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். முதலில் நான் வரிசையாக ஜெயித்தேன். அப்படி ஜெயித்து வந்த நேரத்தில்தான் காண்ட்ராக்டர், வேலூர் கோட்டை மைதானத்தில் ஜோலார்பேட்டைக்காரனோடு எனக்குச் சண்டை ஏற்பாடு செய்தார்.

அவன் ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர். என்னைவிட உயரம். பவுடர் போட்டு, தலையை ஒட்ட வாரிக்கொண்டு மேடைக்கு வருவான். கெட்டிக்காரன், இல்லையென்று சொல்ல மாட்டேன். அவன் கால் தரையில் படுவதே தெரியாது. முதல் ரவுண்டில் நான் அடித்த பாதி அடி காற்றில் போயிற்று. இரண்டாவது ரவுண்டில் என் வலது கை அவன் தாடையில் பட்டது. அவன் இரண்டு எட்டு பின்னால் போனான். போய், கிளவுஸ் போட்ட கையைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டான்.

என் கை இரண்டும் இறங்கிவிட்டன.

அவனுக்கு மூக்கில் அடி பட்டுவிட்டது, நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்தேன். ரெஃபரியைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். அடுத்து நான் தார்ப்பாயில் மல்லாந்து கிடக்கிறேன். ரெஃபரி மேலே நின்று எண்ணுகிறார். ஒவ்வொரு எண்ணும் காதில் விழுகிறது. கால் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. தலைகீழாக முன்வரிசை நாற்காலிகள் தெரிந்தன. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்திருந்தார்கள். ஜோலார்பேட்டைக்காரன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் மாதிரி என் தலைமாட்டில் மூக்கில் கை வைத்தபடி நின்றான். பத்து எண்ணி முடிக்கிறவரை கையை எடுக்கவில்லை.

எனக்கு அப்போதும் புரியவில்லை. மேடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார வைத்து பாய் என் கழுத்தில் ஈரத்துணி போட்டார்.

"பாய், அவனுக்கு மூக்குல பலமா பட்டுடுச்சா?"

பாய் டவலைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"சொல்லு பாய்."

"படலடா."

"பின்ன இன்னாத்துக்குப் புடிச்சான்?"

"நாத்தமாம்."

"இன்னா நாத்தம்?"

"நம்ம நாத்தம்டா."

நம்புவீர்களோ என்னவோ, அன்றுவரை எனக்கு அது தெரியாது. நம் தெருவில் எல்லோரும் டேனரி வேலை. உங்கள் அம்மாவின் அப்பாவும் டேனரி. எங்கள் மூக்குக்கு அது ஒரு நாற்றமே இல்லை. பஸ்ஸில் போனால் என் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். என் உடம்பைப் பார்த்து மரியாதையாக இடம் விடுகிறார்கள் என்று நினைத்து, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கூட உட்கார்ந்திருக்கிறேன். வேலூரிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே மாதிரி பக்கத்து இடம் காலியாக இருந்தது. பள்ளிகொண்டா தாண்டும்வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிறகு எழுந்து நின்றுகொண்டேன்.

தோற்றதை நான் தாங்கியிருப்பேன். தோற்காத பாக்ஸர் கிடையாது. ஆனால் அந்த மூக்குப் பிடிக்கிற வேடிக்கை வேலூரோடு நிற்கவில்லை. எந்த ஊர் மேடையிலும் என் பெயரை மைக்கில் சொன்னதும் பின்னால் இருந்து ஒரு கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூவும். பசங்கள் தெருவில் அதை விளையாட்டாக்கினார்கள். ஒருத்தன் நான், ஒருத்தன் அவன். அவனாக இருக்கிறவன் மூக்கைப் பிடிப்பான், நானாக இருக்கிறவன் கையை இறக்க வேண்டும், இறக்கினதும் அடி.

பெரியவளே, நீ அப்போது ஒன்றாவது சேர்ந்திருந்தாய். ஒருநாள் வேலையிலிருந்து வந்து உன்னைத் தூக்கினேன். நீ சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் மூக்கைப் பிடித்தாய். பள்ளிக்கூடத்தில் பார்த்த விளையாட்டு, உனக்கு அதன் அர்த்தம் தெரியாது. அப்போதும் உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இப்போதும் இல்லை. ஆனால் நான் உன்னைக் கீழே இறக்கிவிட்டேன். எதிரில் ஒரு கை முகத்துக்குப் போனதும் என் கை இறங்குகிற அதே பழக்கம். அன்றைக்கு முடிவு செய்தேன். அவன் தார்ப்பாயில் கிடக்க வேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை அவன் காதில் விழ வேண்டும். பத்து முடியும்வரை நான் அவன் எதிரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதை அவன் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சண்டை குடியாத்தத்தில். அதற்கு நான் முட்டாள்தனமாகத் தயாரானேன். ஒரு வாரம் குழிப் பக்கமே போகவில்லை. உங்கள் அம்மா சீயக்காயும் எலுமிச்சைத் தோலும் போட்டு தேங்காய் நாரால் என் முதுகைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்தாள். "போதும், தோலே உரிஞ்சிடும், அப்புறம் உன்னையும் ஊறப் போட்டுடுவாங்க" என்றாள். கடைசியில் பஜாரில் அத்தர் வாங்கிக் கழுத்திலும் மார்பிலும் தடவிக்கொண்டு போனேன்.

ஜோலார்பேட்டைக்காரன் மேடைக்கு வந்ததும் என் பக்கம் முகத்தை நீட்டி மோந்து பார்த்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"மாப்ள வந்துட்டாரு. பொண்ண இட்டாங்கப்பா."

நெசவுக்காரர்கள் நிறைந்த கூட்டம். சிரித்த சிரிப்பில் டென்ட் கம்பமே ஆடியது. நான் கோபத்தில் கண்மண் தெரியாமல் வீசினேன். அவன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து சின்னச் சின்னதாக அடித்துவிட்டுப் போனான். புள்ளிக் கணக்கில் அவனுக்கு ஜெயம் என்றார்கள். அன்றைக்குப் பாய் என்மேல் கோபப்பட்டார். நான் பார்த்து அவர் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான்.

"நீ எதுக்குடா ஒளிச்சிக்கிற? அவன் மூக்குல வெச்சானே கிளவுஸு, அது இன்னா, செடியில காச்சுதா? அவன் போட்டிருக்கிற பூட்ஸு? நம்ம குழியில ஊறி, நம்ம டிரம்முல சுத்திதான் அது அவன் காலுக்கு வந்துது. நாத்தம் நமக்கு, பாலிஷ் அவனுக்கா?"

"இன்னா பண்ணச் சொல்ற?"

"குளிக்காத."

மூன்றாவது சண்டை நம் ஆம்பூரில். அதற்குக் காண்ட்ராக்டரை நாங்கள் எட்டு மாதம் நச்சரித்தோம். அந்த எட்டு மாதமும் நான் குழியில் இரண்டு ஆள் வேலை கேட்டு வாங்கிச் செய்தேன். தோலை இழுக்கும்போதெல்லாம் அவனை இழுப்பதாக நினைத்துக்கொள்வேன். ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தால் அவன் முகம், காலையில் பல் தேய்த்தால் அவன் முகம். உங்கள் அம்மா, "கட்டினவ மூஞ்சியக்கூட இப்டி நெனச்சிருக்க மாட்ட" என்றாள். உண்மைதான்.

சண்டை அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் எடுக்க வேண்டிய தோலில் பாதி எடுக்காமல் நின்றுபோயிருந்ததால் குழியில் வேலை இருந்தது. மத்தியானம் வரை குழியில் நின்றேன். காலை மட்டும் கழுவிக்கொண்டு அப்படியே மேடைக்கு வந்தேன். காண்ட்ராக்டர் பார்த்துவிட்டு, "டேய், ஒரு சொம்புத் தண்ணியாவது ஊத்திக்கினு வாடா" என்றார். பாய் அவரிடம், "இன்னிக்கு இதான் சென்ட்டு, விடுங்க" என்றார். கூட்டத்தில் முக்கால்வாசி டேனரிக்காரர்கள். எல்லோரும் என்னைப் போலவே வேலையை விட்டு நேராக வந்தவர்கள். டென்ட்டுக்குள் எப்படி மணந்ததோ எனக்குத் தெரியாது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த ரெஃபரி அடிக்கடி கயிற்றுப் பக்கம் போய்த் தலையை வெளியே நீட்டியதைப் பார்த்தேன்.

ஜோலார்பேட்டைக்காரன் வந்தான், வழக்கம்போல மூக்கில் கையை வைத்துக் கூட்டத்தைப் பார்த்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கையை எடுத்துவிட்டான். அவன் முகம் மாறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பாதி அடி அங்கேயே விழுந்துவிட்டது.

ஹெவிவெயிட்காரர்கள் களைத்துப்போனால் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். ரெஃபரி வந்து பிரிக்கிறவரை அது ஒரு ஓய்வு. நான் களைக்காமலே கட்டிப்பிடித்தேன். அவன் தலையை என் அக்குளுக்குள் இழுத்து வைத்து இறுக்கினேன். தண்ணீர் குடித்த எருமைத் தோலை இழுக்கிற கை இது, அவன் எங்கே போவான்.

"மோந்து பாருடா. நல்லா மோந்து பாரு."

ரெஃபரி பிரிப்பார். நான் மறுபடி கட்டிப்பிடிப்பேன். மூன்றாவது ரவுண்டிலேயே அவன் கால் பின்னிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. ஒரு நல்ல அடி கொடுத்தால் விழுந்திருப்பான். கொடுக்கவில்லை. விழாத அளவுக்கு அடித்தேன். விலாவில், தோளில், மறுபடி விலாவில். ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்ததும் பாய் காதில் சொன்னார்.

"முடிச்சிடுடா. ஆளு ஏற்கனவே போய்ட்டான்."

"இல்ல பாய். இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்."

"வேலூர்ல ஒரே அடியில உன்னப் படுக்க வெச்சிட்டான். இப்டி நிக்க வெச்சா அடிச்சான்?"

"வேலூர்ல என் பொண்ணு மூக்கப் புடிக்கல பாய். அப்புறம்தான் புடிச்சா."

பாய் என் தலையில் தண்ணீரை ஊற்றினார்.

ஐந்தாவது ரவுண்டில் அவன் மூக்கைப் பார்த்து ஒன்று விட்டேன். சுள்ளி ஒடிகிற சத்தம் கையில் தெரிந்தது. அவன் முதலில் முட்டி போட்டான், பிறகு இரண்டு கையையும் ஊன்றினான். மூக்கிலிருந்து ரத்தம் தார்ப்பாயில் சொட்டியது. தலையைத் தூக்கி என்னைத்தான் பார்த்தான். கண் தெளிவாக இருந்தது. நான் கேட்டபடியே எல்லாம் அமைந்துவிட்டது. ரெஃபரி என்னை எதிர் மூலைக்குப் போகச் சொன்னார். அங்கே போய் அவனைப் பார்த்தபடி நின்றேன். ரெஃபரியோடு சேர்ந்து டென்ட் முழுக்க எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன். வேலூரில் அவன் பிடித்தது மாதிரி அவசரமாகப் பிடிக்கக் கூடாது, நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாகத் தூக்கினேன். கிளவுஸ் என் தாடை வரைக்கும் வந்துவிட்டது. ரெஃபரி எட்டு என்றார்.

வெள்ளையாக ஒரு டவல் வந்து மேடையில் விழுந்தது. அவன் மூலையில் இருந்த ஆள் வீசியிருந்தான். ரெஃபரி எண்ணுவதை நிறுத்திவிட்டு ஓடிவந்து, தூக்கியிருந்த என் கையைப் பிடித்து இன்னும் மேலே தூக்கினார்.

"சார், பத்து எண்ணுங்க சார்."

"டவல் போட்டா முடிஞ்சுதுப்பா. நீதான் ஜெயிச்ச."

"ஜெயிச்சது இருக்கட்டும் சார். இன்னும் ரெண்டு பாக்கி. எண்ணுங்க."

அவர் சிரித்தார். அதற்குள் டேனரிக்காரர்கள் மேடையில் ஏறி என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மாலை போட்டார்கள். இரண்டு கையையும் ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். நான் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், அவனை டவலால் முகத்தை மூடி எதிர்ப்பக்கம் இறக்கிக்கொண்டு போகிறார்கள். ஊரே கொண்டாடியது. பெரியவள் என் தோளில் உட்கார்ந்து தெரு முழுக்கச் சுற்றினாள். அதன்பிறகு நம் பக்கம் எவனும் மூக்கைப் பிடிக்கவில்லை. எனக்கு மட்டும் அந்த இரண்டு எண் நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மறுபடி அவனோடு சண்டை போட்டுத் தரச் சொல்லி காண்ட்ராக்டர் பின்னாலேயே அலைந்தேன். "அவன் வர்றதில்லப்பா. மூக்கெலும்பு ஒடஞ்சிட்டுது, வீட்ல உடமாட்டேன்றாங்க" என்றார். என்றாவது வருவான் என்று நான் மேடையை விடாமல் இருந்தேன். நிறைய பேரோடு மோதினேன். சிலது ஜெயித்தேன், தோற்றது ஜாஸ்தி. அவர்கள் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை, கை கோபமில்லாமல் கனமாகத் தூங்கியது. கடைசியில் நாட்றம்பள்ளியில், என்னைவிடப் பாதி வயதுப் பையன் ஒருத்தன் என்னை அடித்துப் போட்டுவிட்டு, "ஸாரிண்ணா" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அன்றோடு கிளவுஸை மாட்டவில்லை.

நடுவில் ஒரே ஒருமுறை அவனைப் பார்த்தேன். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் நான் ஒரு பிளாட்பாரம், அவன் எதிர் பிளாட்பாரம். கையில் டிபன் கேரியர். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்தான். பார்த்ததும் அவன் கை முகத்துக்குப் போயிற்று. அந்த வளைந்த மூக்கைத் தொட்டான். வலியோ, பழக்கமோ, வேண்டுமென்று செய்தானோ, தெரியாது. நடுவில் கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. அது போய் முடிந்தபோது அவன் இல்லை. பாயிடம் சொன்னபோது, "சும்மா தொட்டிருப்பான்டா, உடு" என்றார். நான் விடவில்லை. என் கணக்கில் அவன் மூக்கைப் பிடித்தான்.

இப்போது சாவுக்கு வருகிறேன். லோகோ ஷெட் பக்கத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவன் வீடு. வாசலில் பந்தல் போட்டு பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சு நோவாம். நான் மாலையைப் போட்டேன். ரயில்வேக்காரர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி கொடுத்தார்கள். அவன் சம்சாரம் வந்து என் எதிரில் நின்றது.

"அண்ணா, நீங்க வந்துட்டீங்களே. ஆம்பூர்க்காரரு கை மாதிரி ஒரு கைய பாத்ததில்லன்னு சொல்லினே இருப்பாருண்ணா."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.

"அந்த அடிக்கப்புறம் அவருக்கு வாசனையே போய்ட்டுதுண்ணா. கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு. பக்கத்துல வெச்சாலும் ஒண்ணும் தெரியலடீம்பாரு. உங்கள திட்டமாட்டாரு. நான் விளையாட்டுக்கு ஒண்ணு செஞ்சேன், அந்த மனுசன் அத மனசுல வெச்சிக்கினாருன்னு மட்டும் சொல்வாரு."

அந்த இடத்தில் எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். கருவாட்டுக் குழம்பு வாசனை இல்லாமல் அவன் உட்கார்ந்து சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. விளையாட்டாம். அந்த விளையாட்டில்தான் என் மகளைக் கையிலிருந்து இறக்கிவிட்டேன். விளையாட்டுக்கும் ரெஃபரி உண்டு, எண்ணிக்கை உண்டு. அது முடியவில்லையே.

இடுகாடு வரைக்கும் பாடைக்குப் பின்னாலேயே போனேன். குழியில் இறக்கி மண் தள்ளினார்கள். நானும் மூன்று கைப்பிடி போட்டேன். அதைப் பார்த்துத்தான் ஊரில் புகழ்கிறார்கள். மேடு போட்டு, மாலைகளை மேலே வைத்து, ஊதுவத்தி சொருகிவிட்டு எல்லோரும் கைகால் கழுவக் குழாயடிக்குப் போனார்கள். "வாங்கண்ணே" என்று ஒருத்தர் கூப்பிட்டார். "செருப்பு வார் அறுந்துடுச்சி, நீங்க நடங்க, வர்றேன்" என்றேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் போய் மறைகிறவரை காத்திருந்தேன். பிறகு அவன் கால்மாட்டில், அவன் என்னைப் பார்க்க வசதியாக நின்றேன். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். ரெஃபரி எண்ணுகிற வேகத்தில் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். எட்டு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, சுற்றிலும் பார்த்தேன். டவல் எதுவும் விழவில்லை. ஒன்பது, பத்து என்று சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டு மூக்கிலிருந்து கையை எடுத்தேன். செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை மேட்டின் ஓரத்தில் தேய்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.